தோள் சீவுளி: முதலாவதாக எதை வாங்குவது?



வரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக்கடன் வட்டி என்று மாதாமாதம் உங்கள் பொறுமையைச் சோதிக்கின்ற நான், இம்முறை ஒரு தச்சுக் கருவியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். கணக்காளருக்கும் சீவுளிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிப்பது எனக்கு இங்கே கலையகத்திலேயே கேட்கிறது. பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் வீட்டுக் கெல்லரில் கைக் கருவிகளால் மரவேலை செய்து வருகிறேன். மின்சார வாளை இயக்கினால் மேல்மாடி அம்மா கதவைத் தட்டிவிடுவார் என்பது கைக் கருவிக்கு வந்த காரணங்களில் ஒன்று. மற்றவற்றை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இந்தப் பேச்சுக்குத் தூண்டுதல் ஒரு நேயரின் தொலைபேசி அழைப்பு. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகள் அபிட்டூர் சோதனை முடித்த கையோடு, பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், ஒரு தச்சுப் பட்டறையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தொடங்கியிருக்கிறார். மூன்று வருடப் பயிற்சி. பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்று தகப்பன் கேட்க, பிள்ளை "ஒரு சிம்ஸ்ஹோபல்" என்றிருக்கிறது. "அண்ணை, நீங்கள்தானே மரத்தோடை மினக்கெடுகிறனீங்கள். அது என்ன சாமான்? எதைப் பார்த்து வாங்கிறது?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாய் இன்னும் சமாதானமாகேல்லை" என்றார். இரண்டாவது விடயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் சாமான்.

சாதாரண சீவுளியை எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஒரு கட்டை, அதன் நடுவே சாய்வாக ஒரு அலகு, அதை இறுக்க ஓர் ஆப்பு. அந்த அலகு கட்டையின் முழு அகலத்துக்கும் வராது. இரண்டு பக்கமும் விரலளவு மரம் மிச்சம் நிற்கும். பலகையின் முகத்தைச் சீவ இதுவே போதும். ஆனால் ஒரு மூலைக்குள், சுவரை ஒட்டிச் சீவ வேண்டுமானால் இந்தச் சீவுளி உதவாது. பக்கத்து மரம் போய்ச் சுவரில் முட்டும், அலகு மூலையைத் தொடாது.

தோள் சீவுளியில் அலகு கட்டையின் முழு அகலத்துக்கும் வரும். உடல் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஆகவே மூலையின் கடைசி நூல் வரை அலகு வெட்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஷோல்டர் பிளேன் என்று பெயர். அதைத்தான் நான் தோள் சீவுளி என்று சொல்கிறேன்.

எதனுடைய தோள்? மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் ஒரு துளை. குறுக்குச் சட்டத்தின் நுனியை ஒடுக்கி, அந்தத் துளைக்குள் போகும்படி ஒரு நாக்கு வெட்டுவார்கள். நாக்கு தொடங்கும் இடத்தில் சட்டம் படிபோல நிற்கும் அல்லவா, அந்தப் படிதான் தோள். நாக்கு துளைக்குள் முழுதாகப் போனதும் தோள் காலின் முகத்தில் போய்ச் சாய்ந்து நிற்கும். தோள் எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் பொருத்து கண்ணுக்கே தெரியாது, மேசையும் ஆடாது. ஒரு பக்கம் நூலளவு உயர்ந்து நின்றால் மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். பசையை எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பிளவு மூடாது. தோளைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் சில வருடத்தில் மேசை ஆடத் தொடங்கும்.

வாளால் அறுத்த தோளில் நூலளவு பிசகு இருப்பது இயல்பு. அந்த நூலைத்தான் இந்தச் சீவுளி எடுக்கிறது. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைய. இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகிய தோளைத் திருத்த இதை வாங்குபவர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை நல்ல வாளும், கத்தியால் கோடு கீறும் பழக்கமும். சீவுளியை அதற்குப் பிறகு வாங்கலாம்.

இனி ஜேர்மன் சீவுளிக்கும் ஆங்கிலச் சீவுளிக்கும் உள்ள வித்தியாசம். கடையில் ஆட்கள் குழம்புவது இங்கேதான். சிம்ஸ் என்றால் சுவரிலோ அலுமாரியிலோ வெளியே துருத்தி நிற்கும் விளிம்பு. அந்த விளிம்புகளையும் யன்னல் சட்டங்களின் படிவெட்டுகளையும் செய்யப் பிறந்தது சிம்ஸ்ஹோபல். உடல் மரம். அகலம் பொதுவாக 30 மில்லிமீற்றர். அலகு செங்குத்தாகப் பார்த்தால் பாதிச் சாய்வில், ஏறத்தாழ 45 முதல் 50 பாகையில் நிற்கும். தீட்டிய சாய்முகம் கீழ்ப்பக்கம் பார்க்கும். ஆங்கிலத் தோள் சீவுளியோ முழுக்க உலோகம். அலகு 15 முதல் 20 பாகையில் கிட்டத்தட்டப் படுத்திருக்கும், சாய்முகம் மேலே பார்க்கும்.

படுத்த அலகு என்பதால் வெட்டும் கோணமும் மிகச் சிறியது என்று விற்பவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அலகு 18 பாகையில் படுத்திருக்கிறது, அதன் சாய்முகம் 25 பாகைக்குத் தீட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 43. மரச் சீவுளியின் 45இலிருந்து அது பெரிய தூரம் இல்லை. உலோகச் சீவுளியின் உண்மையான நன்மை வேறு. அலகின் நுனி வரை உலோகம் கீழே தாங்குவதால் அது நடுங்காது. தோள் என்பது மர நார்களின் வெட்டு முகம். நெடுக்கே சீவுவது பனங்கிழங்கை நார் நாராகக் கிழிப்பது போன்றது. குறுக்கே சீவுவது அதே கிழங்கைக் கத்தியால் வில்லை போடுவது. ஒவ்வொரு நாரையும் தறிக்க வேண்டும். நடுங்குகிற அலகு அங்கே பிய்க்கும், தறிக்காது. சீவுளியின் பாரமும் அங்கே துணை.

மரச் சீவுளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. டுசல்டோர்ஃபில் இருக்கிற நாங்கள் அப்படிச் சொல்லவும் கூடாது. சோலிங்கன் கத்தியை எங்கள் வீடுகளில் அறியாதவர் இல்லை. சோலிங்கன் என்ற பெயரையே 1938இல் சட்டம் போட்டுக் காத்துவைத்திருக்கிறார்கள். அதே சோலிங்கனில் ரயில் மாறி, 1897இல் திறந்த, 107 மீற்றர் உயரமான மூங்ஸ்டன் இரும்புப் பாலத்தைக் கடந்தால் ரெம்ஷைட் வரும். சோலிங்கனுக்குக் கத்தி எப்படியோ, ரெம்ஷைட்டுக்குக் கைக் கருவி அப்படி. உளி, அரம், வாள், சீவுளி என்று உலகெங்கும் அனுப்பிய ஊர். இ. சி. எமெரிக் என்ற சீவுளி நிறுவனம் 1852இல் தொடங்கியது அங்கேதான். வைஸ்பூஹே என்னும் கடின மரத்தால் செய்வார்கள். விலை கூடியவற்றின் அடிப்பக்கத்தில் பொக்ஹொல்ஸ் என்ற எண்ணெய்ப் பசையுள்ள, இன்னும் கடினமான மரத்தைப் பல்லுப்பல்லாகக் கோத்து ஒட்டியிருப்பார்கள். ரெம்ஷைட்டின் ஹாஸ்டன் பகுதியில் ஜேர்மன் கருவி அருங்காட்சியகமும் உண்டு. பிள்ளைகளோடு ஒரு பகல் போய்வரக்கூடிய தூரம்.

ஆனால் கேள்வி, முதலாவதாக எதை வாங்குவது என்பது. என்னுடைய முடிவைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன். பொருத்துகளைச் செம்மை செய்வதுதான் முதல் தேவை என்றால், 18 அல்லது 19 மில்லிமீற்றர் அகலமுள்ள உலோகத் தோள் சீவுளி. படிவெட்டும் யன்னல் சட்டமும்தான் அதிகம் என்றால், 30 மில்லிமீற்றர் மரச் சிம்ஸ்ஹோபல். பயிற்சிப் பட்டறையில் பிள்ளை எதைச் செய்கிறது என்று கேட்டறியாமல் இரண்டில் ஒன்றைத் தகப்பன் தீர்மானிக்கக் கூடாது. முதல் வருடத்தில் பெரும்பாலும் நாக்கும் துளையும், புறாவால் பொருத்தும் கையால் செய்யப் பழக்குவார்கள். அப்படியானால் என் வாக்கு உலோகத்துக்கு.

உலோகத்தில் மூன்று அளவு உண்டு. பெரியது 32 மில்லிமீற்றர். ஷெஃபீல்டின் ரெக்கோர்ட் 073 இதில் பெயர் பெற்றது. நல்ல பாரம், பெரிய மேசை, கட்டில் செய்பவருக்குத் திறம். ஆனால் சிறிய கையில் அது சோர்வு தரும். சிறியது 13 முதல் 16 மில்லிமீற்றர். எந்த இடுக்கிலும் போகும். ஆனால் பாரம் இல்லாததால் ஓக் மரத்தின் வெட்டு முகத்தில் துள்ளும். நடுத்தரமானது கதிரைக் காலுக்கும் பொருந்தும், சிறு மேசைக்கும் பொருந்தும். நாக்கின் கன்னத்தைச் சீவ அகலமானதே வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கன்னத்தை நல்ல அகல உளியாலேயே சீவலாம் என்பது என் அபிப்பிராயம். தோளின் ஒடுங்கிய விளிம்பில் உளி அவ்வளவு இலகுவாக மட்டமாக நிற்காது. சீவுளியை வாங்குவதே அந்த விளிம்புக்காகத்தான்.

நடுத்தரத்தில் பழைய பெயர் ஸ்டான்லி 92. அகலம் 19 மில்லிமீற்றர். நெடுங்காலம் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இன்று உயர்ந்த விலையில் கிடைப்பவற்றில் கனடாவின் வெரிட்டாஸ், 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய லீ-நீல்சன் ஆகியவற்றைச் சொல்லலாம். இந்த இரண்டும் 200 யூரோவைத் தாண்டும். புதிய மரச் சிம்ஸ்ஹோபல் அதன் பாதிக்கும் குறைய. பழைய மரச் சீவுளி சந்தையில் 10, 20 யூரோவுக்கும் அகப்படும்.

பெயரைப் பார்த்து வாங்காமல் எதைப் பார்த்து வாங்குவது என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் நகரத்தில் இருக்கும் ஒரு பெரியவர். வடமராட்சிப் பக்கத்துத் தச்சர். முதிரையிலும் வேம்பிலும் கதவு நிலையும் யன்னலும் செய்து வளர்ந்த கை. என்னுடைய உலோகச் சீவுளியை முதல்முறை அவர் கையில் கொடுத்தபோது, பெயரையும் பார்க்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. யன்னலுக்கு நேரே திரும்பி, அதைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்திலும் விலாவிலும் என் சிறிய மூலைமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தைப் பார்த்தார். மூலைமட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியவில்லை. மற்றப் பக்கமும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் "சரி" என்றார்.

அந்தப் பார்வையில் முக்கால்வாசி விடயமும் அடங்கிவிட்டது. தோளை மட்டமாகச் சீவும்போது சீவுளி விலாவில் படுத்து ஓடும். அடியும் விலாவும் சரியான செங்கோணத்தில் இல்லாவிட்டால், அது ஒவ்வொரு தடவையும் பிழையான கோணத்தையே மரத்தில் எழுதும். ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. சாதாரண சீவுளியில் இந்தப் பிசகை அலகைச் சரித்துச் சமாளிக்கலாம். இதில் முடியாது.

அடுத்தது அலகின் அகலம். அலகு உடலைவிட மிக மிகச் சிறிதளவு அகலமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் விரலால் தடவினால் நகத்தில் மெல்லத் தட்டுப்பட வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று அதிகம்போல் போதும். அலகு உடலைவிட ஒடுங்கியிருந்தால் மூலையில் ஒரு துளி மரம் வெட்டாமல் நிற்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தத் துளி ஒரு படியாக வளரும். ஐந்தாம் ஓட்டத்தில் சீவுளி அந்தப் படியில் ஏறி நிற்கும். பழைய சீவுளிகளில் அலகைத் திரும்பத் திரும்பப் பக்கத்தில் தேய்த்து ஒடுக்கிவைத்திருப்பார்கள். மலிவு என்று எடுக்குமுன் இதைப் பாருங்கள்.

வாய் ஒடுக்கமாக இருக்கிறதா, முன்பகுதியை நகர்த்தி அதை இன்னும் ஒடுக்க முடிகிறதா என்பது மூன்றாவது. ஸ்டான்லி 92 போன்றவற்றில் முன்பகுதி தனித் துண்டு. திருகாணியைக் கழற்றி இறுக்கும்போது முன்னடியும் பின்னடியும் ஒரே தளத்தில் வருகிறதா என்று நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். மரச் சீவுளியானால் ஆப்பு உட்காரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். உடல் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் அந்த இடம்தான் பலவீனமானது. உடல் முறுக்கியிருக்கிறதா என்பதற்கு அடியை நெடுக்கே கண்ணால் நோக்கினாலே தெரியும். பிறகு கையில் பிடித்துப் பாருங்கள். இதற்குப் பெரிய சீவுளிபோலக் கைப்பிடி இல்லை. உள்ளங்கைக்குள் அமரவேண்டிய சாமான். என் கைக்குப் பொருந்தியது இன்னொருவருக்கு உறுத்தலாம். அதனால்தான் இதை மகளுக்குத் தெரியாமல் வாங்கி ரிபன் கட்டி வைக்க வேண்டாம், கூட்டிக்கொண்டு போய் அவளையே பிடித்துப் பார்க்க விடுங்கள் என்று அந்தத் தகப்பனுக்குச் சொன்னேன்.

வெளிச்சத்தில் சீவுளியைப் பார்த்த பெரியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அந்தத் தாயின் கவலைக்கும் அதில் தொடர்பு இருப்பதால். அவர் 1980களின் நடுவில் கிழக்கு பேர்லின் வழியாக இங்கே வந்தவர். அந்தக் காலத்தில் தஞ்சம் கோரியவர்களுக்கு வேலை செய்யத் தடை இருந்தது. 1987இல் அந்தத் தடை ஐந்து வருடமாக நீட்டப்பட்டது, 1991இல்தான் நீக்கினார்கள். தடை போன பிறகும் தச்சுப் பட்டறை திறக்க அவருக்கு வழியில்லை. 1953ஆம் ஆண்டின் கைத்தொழிற் சட்டப்படி, ஜேர்மனியில் மைஸ்டர் சான்றிதழ் இல்லாமல் பொதுவாகத் தச்சுப் பட்டறை நடத்த முடியாது. 2004இல் 53 தொழில்களுக்கு அந்த நிபந்தனையை எடுத்தபோதும் தச்சுத் தொழில் அதற்குள் வரவில்லை. வயது போய், மொழியும் தெரியாமல், மூன்று வருடப் பயிற்சியும் அதற்கு மேல் மைஸ்டர் பள்ளியும் யாரால் போக முடியும்? கதவு நிலை செய்த கை முப்பது வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவியது. "மரம் மணக்காத வேலை" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

இப்போது தாயின் விடயம். "ஊரிலை அது ஆர் செய்த வேலை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கணவரிடம் கேட்டாராம். அபிட்டூர் எடுத்த பிள்ளை டொக்டராகலாம், பொறியியலாளராகலாம் என்றும் சொன்னாராம். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். முதலாவது சாதிக் கதை. வீடு, வாசல், காணி, உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம், அதை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறோம். இந்த மண்ணில் பிறந்த பிள்ளையின் தலையில் அதை வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. நான் இதை வானொலியில் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

இரண்டாவது, எதிர்காலத்தைப் பற்றிய தாயின் பயம். அது நியாயமான பயம், கணக்கால் பதில் சொல்லக்கூடியது. மூன்று வருடத்தில் பிள்ளைக்குக் கெசெல்லன் சான்றிதழ் கிடைக்கும். இறுதிச் சோதனைக்குத் தானே வரைந்து தானே செய்த ஒரு தளபாடத்தை வைக்க வேண்டும். அதற்கு மேல் மைஸ்டர். ஜேர்மன் தகைமைச் சட்டகத்தில் மைஸ்டர் 6ஆம் படி, பல்கலைக்கழகத்தின் பச்சிலர் பட்டமும் அதே 6ஆம் படி. அபிட்டூர் கையில் இருப்பதால் பயிற்சி முடித்த பிறகும் உள்ளக வடிவமைப்போ கட்டடக் கலையோ படிக்கக் கதவு திறந்தே இருக்கும். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம், ஓய்வூதியக் கட்டணம் எல்லாம் ஓடத் தொடங்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓய்வூதியக் கணக்குத் தொடங்குவது என்ன என்பதை, நாற்பதில் தொடங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவருக்கு மூடியிருந்த கதவு இந்தப் பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. அந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒருநாள் பட்டறைக்குப் போய் மகள் அறுத்த பொருத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வரி என்று கேட்கத் துடிப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குத் தேவையான கருவியைப் பிள்ளை தன் பணத்தில் வாங்கினால் தன் வரிப் படிவத்தில் காட்டலாம். வரி சேர்க்காத விலை 800 யூரோவுக்குள் இருந்தால் அந்த வருடமே முழுவதையும் கழிக்கலாம், 2018 முதல் இந்த எல்லை. ஆனால் ஊழியருக்கு எப்படியும் தானாகக் கழிக்கப்படும் 1230 யூரோவை எல்லாச் செலவும் சேர்த்துத் தாண்டினால்தான் பலன். பயிற்சிச் சம்பளத்தில் பெரும்பாலும் வரியே வராது. தகப்பன் பரிசாக வாங்கினால் தகப்பனுக்குக் கழிவு இல்லை. என்னைப்போல் பொழுதுபோக்குக்கு வாங்குபவருக்கு ஒன்றும் இல்லவே இல்லை. ஆனால் 240 யூரோச் சீவுளி 20 வருடம் உழைத்தால் மாதம் ஒரு யூரோதான் என்று நான் என் மனைவிக்குக் கணக்குக் காட்டியிருக்கிறேன். அவர் அந்தக் கணக்கை இன்னும் அங்கீகரிக்கவில்லை.

புதியதை இணையத்தில் அல்லது தபால் வழியாக வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. பெட்டியைத் திறந்த அன்றே மூலைமட்டத்தை வையுங்கள். பாவித்த சாமானைத் திருப்பினால் தேய்மானம் கேட்பார்கள். எனவே மரத்தில் ஓட்டுமுன் அளந்து பாருங்கள். சந்தையில் தனியாரிடம் வாங்கினால் இந்த உரிமை எதுவும் கிடையாது. பில்க் பகுதியின் ஆகனர் பிளாட்ஸ் சந்தையில் நான் பல சனிக்கிழமைகள் அலைந்திருக்கிறேன். பழைய தச்சர்கள் காலமான வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாகக் கருவி வரும். சட்டைப் பையில் ஒரு சிறிய மூலைமட்டம் இருந்தால் போதும். நான் அதை எடுத்ததும் சில வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள், சிலர் கூட்டினார்கள்.

வாங்கியாயிற்று என்று வையுங்கள். புதிய அலகும் தீட்டாமல் வெட்டாது. 1000ஆம் இலக்கக் கல்லும் 6000ஆம் இலக்கக் கல்லும் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். சீவுளிக்கு ஒதுக்கிய பணத்தில் கல்லுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். நல்ல கல்லும் மலிந்த சீவுளியும் சேர்ந்து வேலை செய்யும், மறுபக்கமாக அது நடக்காது. தீட்டும்போது வெட்டு விளிம்பு அலகின் பக்கத்துக்குச் செங்கோணமாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். இந்த அலகு மண்வெட்டிபோல, வாய் அகலம், வால் ஒடுக்கம். தீட்டும் சட்டங்கள் எல்லாம் இதைப் பிடிக்காது, கையால் பழகுவது நல்லது. விளிம்பு சரிந்தால் தோளின் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டும்.

தோளைச் சீவும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாகத் தள்ளக்கூடாது. கடைசி விளிம்பில் நார் தாங்க ஒன்றுமில்லாமல் பிய்ந்துவிடும். பாதி தூரம் இந்தப் பக்கத்திலிருந்தும் பாதி தூரம் அந்தப் பக்கத்திலிருந்தும் வாருங்கள். அல்லது பின்னால் ஒரு கழிவுத் துண்டை இறுக்கிப் பிடித்து, பிய்வது அந்தத் துண்டாகட்டும் என்று விடுங்கள். சீவல் மெல்லிய தூளாகவோ சிறு சுருளாகவோ வரவேண்டும். தடித்து வந்தால் அலகை உள்ளே இழுங்கள்.

வேலை முடிந்ததும் இரும்பைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரமான ஓக் மரத்தில் இரும்பு பட்டால் மரம் கறுக்கும், இரும்பிலும் துருப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். 24 பாகைக்குக் கீழே அது உறையும், எங்கள் கெல்லர்கள் குளிர்காலத்தில் 12 பாகையைத் தாண்டுவதில்லை. காலையில் சீவுளியில் வெள்ளைப் பசைதான் இருக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வாங்கி வையுங்கள்.

மூலைமட்டம் எப்படித் தெரிவது என்று கேட்பவர்கள் நிகழ்ச்சிக்குப் பிறகு கலையகத்துக்கு அழைக்கலாம், அரை மணித்தியாலம் இருப்பேன். அடுத்த மாதம் வழமைபோல ஓய்வூதியக் கணக்கோடு சந்திக்கிறேன்.